வாய் வைத்த சுருட்டு

நான் வேலை செய்யும் தளபாடத் தொழிற்சாலையில், ஓய்வறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கோப்பிக் குவளை தொங்கும். ஒவ்வொரு குவளையிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். சேர்ந்த புதிதில் இது தெரியாமல் கைக்கு எட்டிய குவளையில் கோப்பி வார்த்துக் குடித்துவிட்டேன். அது யூர்கன் என்பவனுடையது. யூர்கன் கோபிக்கவில்லை, சிரித்தான். சிரித்துக்கொண்டே குவளையை வாங்கிக் கொதிநீர்க் குழாயின் கீழ் பிடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினான். நான் பக்கத்திலேயே நின்றேன். இவர்கள் எல்லோருக்கும் இப்படித்தானோ என்று அன்றிலிருந்து கவனித்து வந்தேன். ஒருநாள் ஹொர்ஸ்ட் என்ற இன்னொரு வேலையாள் அவசரத்தில் யூர்கனின் குவளையை எடுத்துக் குடித்தான். யூர்கன் பேசாமல் ஹொர்ஸ்டின் குவளையை எடுத்துக்கொண்டான். கொதிநீர்க் குழாயை யாரும் திறக்கவில்லை.

திருகோணமலையிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், வெள்ளைக்காரனென்றால் அப்படித்தான் என்று சொல்லிச் சிரிக்கக்கூடும். அவசரப்பட்டுச் சிரிக்கவேண்டாம். நம்முடைய பக்கத்துக் கதையும் இதில் வருகிறது. என்னைப்போல இந்த மேற்கு ஜேர்மனியின் சிறு நகரங்களில் வந்து ஒதுங்கியிருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கும் ஆளுக்கொரு குவளைக் கதை இருக்கும்.

என் கதை என் தகப்பன் அப்புவின் சாவோடு தொடங்குகிறது. தம்பியின் தந்தி வந்தபோது என்னுடைய விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வெளிநாட்டார் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். போகலாம், திரும்பி வரவிடுவார்களா என்று சொல்ல முடியாது என்றார்கள். மூத்த மகன் நான் இங்கே குளிருடுப்போடு நிற்க, தம்பி அங்கே அப்புவுக்குக் கொள்ளி வைத்தான். கொள்ளிதான் வைக்க முடியவில்லை, முப்பத்தோராம் நாளன்றாவது அவர் பெயரில் நாலு பேருக்குச் சோறு போடவேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். அங்கே வீட்டில் தம்பி போடுவான். இங்கே நான் போடாவிட்டால் எனக்கும் அவருக்கும் என்ன உறவு? பக்கத்து ஊர்களில் இருக்கும் நம் ஆட்களைக் கூட்டினால் முப்பது பேர் தேறும். என் வீடோ நாலாம் மாடியில் இரண்டு அறை. முப்பது பேர் வந்தால் மூச்சு விடவும் இடம் காணாது.

எங்கள் தெருவின் முடிவில் ஒரு மண்டபம் இருக்கிறது. அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் சொந்தமானது. நீளமான மேசைகளும் கதிரைகளும் பெரிய குசினியும் உள்ளன. அதன் சாவி ஃப்ராவ் லின்டெமான் என்ற அம்மையாரிடம் இருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையோடும் எனக்காகவே தயாரித்து வைத்ததைப்போன்ற ஒரு புன்னகையோடும் இருப்பார். போய்க் கேட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மண்டபம் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு, ஹெர் ராசா. வருகிற சனிக்கிழமை சுருட்டு விழா. எங்கள் ஸ்டோலில் நிற்க ஆள் குறைவு. நீங்கள் வந்து நின்றால், அடுத்த ஞாயிறு மண்டபத்தைப் பற்றிப் பேசலாம்," என்றார். என் முழுப்பெயர் தங்கராசா. அதில் தங்கத்தை இந்த ஊர் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டது.

சுருட்டுக்கு விழா எடுக்கிற ஊரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. இந்த ஊர் ஒரு காலத்தில் சுருட்டுச் சுற்றியே பிழைத்ததாம். வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசையில் புகையிலையைப் பரப்பிச் சுற்றினார்களாம். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இப்போது வருடத்தில் ஒருநாள் சந்தைச் சதுக்கத்தில் கூடாரம் கட்டி, பாண்ட் வாத்தியம் வைத்து, பியரும் பொரித்த சொசேஜும் விற்று, ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பழைய பெருமை பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னேன். பவளம் என் மனைவி. உவர்மலைக்காரி. வாய்க்கு வந்ததை மடக்கி வைக்கத் தெரியாதவள்.

"சுருட்டு ஸ்டோலோ? உங்களுக்கு அதைப் பத்தவும் தெரியாதே," என்றாள்.

"பத்தத் தெரியாது. பத்தவைக்கத் தெரியும்," என்றேன்.

அது உண்மைதான், சுருட்டை இழுக்கும் பழக்கம் எனக்கில்லை, கொளுத்திக் கொடுத்த பழக்கம் உண்டு. அப்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். கிளிவெட்டியில் மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர், யுத்தகாலத்தில் வெள்ளைக்காரனின் கப்பல் தளமான டொக்யாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூதூரில் படகேறி வந்தார். பிறகு வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான ஆட்களோடு அவருக்கும் வேலை போனது. கொஞ்சக்காலம் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பின்னேரம் லிங்கநகர் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கதிரையில் சாய்ந்து மடியிலிருந்து சுருட்டை எடுப்பார். மாரியில் நெருப்புப் பெட்டி நமுத்துக் கிடக்கும். எழுபதுகளில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நெருப்புப் பெட்டியே அருமையாகிவிட்டது. "தம்பி, இதைக் குசினியில பத்தவைச்சுக் கொண்டா," என்பார். அடுப்பில் கொள்ளியை இழுத்து, சுருட்டை என் வாயில் வைத்து, நுனி சுற்றிவர ஒரே அளவாகச் சிவக்கும்வரை இழுக்கவேண்டும். கண் கலங்கும், தொண்டை கமறும். அம்மா பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டிருப்பாள். காற்றுக்கு அணையாதபடி கையைப் பொத்திக் கொண்டுபோய் நீட்டுவேன். அப்பு வாங்கி அப்படியே வாயில் வைத்துக்கொள்வார். துடைத்துப் பார்த்தது கிடையாது. இதில் ஏதோ பெரிய பாசம் இருக்கிறதென்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. எல்லா வீட்டிலும் நடந்த காரியம். எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்குச் சுருட்டுப் பற்றவைத்துக் கொடுப்பதென்றால் அதுதான் முறை.

துறைமுகத்திலும் அப்படித்தான். குறிஞ்சாக்கேணியிலிருந்து வேலைக்கு வரும் காசிம் காக்காவும் அப்புவும் ஒரே சுருட்டை மாறி மாறி இழுப்பார்கள். நான் சோறு கொண்டுபோகும் நாட்களில் பார்த்திருக்கிறேன். பெட்டி ஏற்றும் அழைப்பு வந்தால் மிச்சத்தைத் தரையில் தேய்த்து அணைத்து, யாருடைய காது கிட்ட இருக்கிறதோ அதில் செருகிக்கொள்வார்கள். அது அப்புவின் சுருட்டா காக்காவின் சுருட்டா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் ஸ்டோலுக்குக் கன்வஸ் கூரை. முன்னால் ஒரு நீள மேசை. பணம் கட்டிய துண்டைக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சுருட்டை எடுத்து, சுருட்டுவெட்டியால் முனையைக் கத்தரித்து, லைட்டரை நீட்டவேண்டும். இதுதான் என் வேலை. ஃப்ராவ் லின்டெமான் எனக்குச் செய்து காட்டினார். நான் மூன்றாவது ஆளோடேயே அதில் தேர்ந்துவிட்டேன். வந்தவர்கள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். சிலோன் என்றேன். "ஆ, தேயிலை," என்றார்கள். எங்கள் நாட்டிலும் புகையிலை உண்டு, சுருட்டு உண்டு என்றேன். "ஆ, தேயிலை," என்று மறுபடியும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். தேயிலைப் பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோல் உரிந்த தோள் ஒன்றைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஜேர்மன் இருக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பியது. கூரை படபடவென்று அடித்தது. லைட்டர் எரிவதும் அணைவதுமாக இருந்தது. அப்போதுதான் சக்கர நாற்காலியில் ஒரு முதியவரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவருடைய மகள். முதியவருக்கு இரண்டு கையும் நடுங்கின. சுருட்டை வாங்கி வாயில் வைத்தார். நான் லைட்டரைப் பிடித்தேன், அணைந்தது. அவர் கையால் காற்றை மறைத்துப் பார்த்தார், கை நடுங்கி லைட்டரைத் தட்டியது. மறுபடியும் முயன்றோம், சரிவரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்து, வேண்டாம் விடுங்கள் என்பதைப்போல மடியில் வைத்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒரு நாளுக்காக வீட்டிலிருந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிற மனிதர்.

நான் குனிந்து அந்தச் சுருட்டை எடுத்தேன். காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றேன். வாயில் வைத்து, இரண்டு கையாலும் லைட்டரைப் பொத்தி இழுத்தேன். நல்ல சுருட்டு. சுற்றிவர அழகாகப் பற்றியது. திரும்பி, வலக்கையால் நீட்டி, இடக்கையை முழங்கையில் வைத்து, பெரியவருக்குக் கொடுக்கவேண்டிய முறையில் கொடுத்தேன்.

முதியவர் கையை நீட்டினார். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அவர் நீட்டினார். நடுங்கினாலும் அந்தக் கை என் பக்கமாகத்தான் வந்தது. இடையில் மகளின் கை வந்துவிட்டது. மேசையிலிருந்த கடதாசித் துடைப்பான் ஒன்றை எடுத்து அதனால் சுருட்டைப் பிடித்து வாங்கி, "டாங்கெ, டாங்கெ," என்று சிரித்தபடி சாம்பல் வாளிக்குள் போட்டாள். வேறொன்று தருமாறு ஃப்ராவ் லின்டெமானிடம் கேட்டாள். கிழவருடைய கை கொஞ்சநேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மடிக்குப் போய்விட்டது.

ஃப்ராவ் லின்டெமான் என்னைப் பின்பக்கமாக அழைத்தார். எனக்கு விளக்கவேண்டும் என்ற பதற்றம். இருக்கிற ஜேர்மனை எல்லாம் பொறுக்கி எடுத்து, "என் தந்தைக்கு நான் எப்போதும் இப்படித்தான். என் தந்தை இறந்துவிட்டார். இந்த மாதம்," என்றேன். அவருக்கு நான் கொடுத்த மரியாதையை இவருக்கும் கொடுத்தேன் என்று சொல்ல வந்தேன். ஃப்ராவ் லின்டெமானின் முகத்திலிருந்த புன்னகை போய்விட்டது. ஒரு அடி பின்னால் வைத்து, "உங்கள் தந்தைக்கு என்ன நோய், ஹெர் ராசா?" என்று கேட்டார்.

"நோயில்லை. நெஞ்சு. வயது," என்றேன். நெஞ்சு என்று நான் காட்டிய இடத்தில் அவர் நுரையீரலைப் பார்த்தார் போலும். "நீங்கள் உங்களைப் பரிசோதித்துக்கொண்டீர்களா?" என்றார். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் மாரடைப்பில் செத்த மனிதரின் வியாதி என் வாயில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்து, இவர்களுடைய விழாவைக் கெடுக்கிறது என்று இந்த அம்மா நம்பினார். மிச்ச நேரம் ஸ்டோலின் பின்னால் நின்று கழுவுகிற வேலை செய்தால் நல்லது என்றார். பியர்க் குவளைகள் குவிந்து கிடந்தன. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். "இல்லை, இல்லை, குவளை வேண்டாம். சாம்பல் தட்டுகள் மட்டும்," என்றார்.

மாலைவரை சாம்பல் தட்டுக் கழுவினேன். ஏன் போட்டுவிட்டு வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மண்டபம் வேண்டும். முப்பது பேருக்கு இடம் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக, பாண்ட் வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டு கழுவினேன். அந்தப் பெண் என்னை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. அவள் சிரித்தாள். நன்றி சொன்னாள். இந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசினால் திருப்பி ஏசலாம். நன்றி சொல்லிக்கொண்டு வாளியில் போடுகிறவளை என்ன செய்கிறது?

இப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பதற்கு ஜேர்மனிக்கு வரத் தேவைப்படவில்லை. அப்போது நான் உயர்வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்புவும் நானும் கிளிவெட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு மூதூரிலிருந்து லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொட்டியாரக்குடாவில் காற்று. அப்புவின் நெருப்புப் பெட்டி நனைந்துவிட்டது. முன்வாங்கில் ஒரு போடியார் இருந்தார். அப்பு ஒரு காலத்தில் கூலிக்கு நின்ற வயல்களின் சொந்தக்காரர். வாயில் எரிகிற சுருட்டு. நெருப்புக் கேட்டால் இல்லையென்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தெருவில் முன்பின் தெரியாதவனையும் மறித்து அவன் சுருட்டை வாங்கிப் பற்றவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அப்பு எழுந்து போனார்.

"ஐயா, கொஞ்சம் நெருப்புத் தாறீங்களோ?"

போடியார் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். "ஓ, நீயே. டொக்யாட்டுக்குப் போய்ப் பெரிய ஆளாகிட்டாய் எண்டு கேள்விப்பட்டனான்," என்று சிரித்துக்கொண்டு சுருட்டை நீட்டினார். அப்பு அதன் நுனியில் தன் சுருட்டை முட்டி இழுத்துப் பற்றவைத்தார். பிறகு இரண்டு கையாலும் திருப்பி நீட்டினார். போடியார் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"வேண்டாம். நீயே வைச்சுக்கொள்," என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். ஏதோ தானம் பண்ணுகிறவரைப்போல. அந்தச் சுருட்டு அவர் பற்றவைத்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். லோஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். எல்லோருக்கும் திடீரென்று கடல் பார்க்கவேண்டியிருந்தது.

அப்பு குனிந்து, அந்தச் சுருட்டைப் போடியாரின் பக்கத்தில் வாங்குப் பலகையில் கவனமாக வைத்தார். எரிகிற நுனி அவர் வேட்டியில் முட்டாதபடி வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டு தன் சுருட்டை இழுத்தார். அந்தச் சுருட்டு வாங்கில் கிடந்து தன்பாட்டில் எரிந்தது. போடியார் தொடவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் தொடவில்லை. பலகை கருகி மணத்தபோது லோஞ்சுக்காரன் வந்து காலால் தட்டிக் கடலில் விட்டான். எனக்கு அந்த மனிதரின் முகத்தில் துப்பவேண்டும்போல இருந்தது. துறைமுகத்தில் இறங்கி உட்துறைமுக வீதியால் நடக்கும்போது அப்புவிடம் சண்டைக்குப் போனேன். "ஏன் பேசாமல் வந்தனீங்கள்?" என்றேன்.

"நான் பேசாமல் வரேல்ல. அவர் தந்ததை அவருக்கே குடுத்திட்டன். எடுக்காமல் விட்டது அவற்ற பாடு," என்றார். பிறகு மரக்கறி விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போடியாரில் மட்டுமல்ல, கடலைப் பார்த்தவர்களிலும்தான்.

கோபப்படுகிறவன் நியாயமாகவும் கோபப்படவேண்டும். ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு மலசலகூடம் துப்புரவு செய்ய வரும் நகரசபைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் அப்புவிடம் நெருப்புக் கேட்டால் அப்பு இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் வாயிலிருந்த சுருட்டைக் கொடுத்ததுமில்லை. நமுத்த குச்சிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து உரசி, கையை நீட்டிப் பிடித்துப் பற்றவைத்துவிடுவார். லோஞ்சில் நடந்ததற்குப் பிறகும் அப்படித்தான் செய்தார். அதை நான் அப்பு உயிரோடிருந்தபோது அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் தெரியாது. அவரிலும் எனக்குக் கோபம் உண்டு. அவருக்குச் சோறு போடவேண்டும் என்ற பிடிவாதமும் அதே அளவுக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை ஃப்ராவ் லின்டெமான் நாலு மாடியும் ஏறி எங்கள் கதவுக்கு வந்தார். கதவடியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு நேரமில்லை என்றார். சங்கத்தில் பேசினார்களாம். மண்டபம் தருவார்களாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் மிச்சத்தைச் சொன்னார். குசினி பூட்டியிருக்கும். சங்கத்தின் தட்டுகளையும் கரண்டிகளையும் நாங்கள் பாவிக்கக்கூடாது, கடதாசித் தட்டுக் கொண்டுவந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவேண்டும். முடிந்ததும் மேசை கதிரைகளைக் கிருமிநாசினியால் துடைக்கவேண்டும். அந்தப் போத்தலைத் தானே இலவசமாகத் தருவதாகச் சொல்லிக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"எல்லோருக்கும் இதுதான் ஒழுங்கா?" என்று கேட்டேன்.

"மற்றவர்களுக்கு அவசியம் வரவில்லை," என்றார். பொய் சொல்லத் தெரியாத அம்மா.

போன மாதம் அதே மண்டபத்தில் யாரோ ஒருவரின் கலியாண வெள்ளி விழா நடந்தது. சங்கத்துத் தட்டுகளில்தான் தின்றார்கள், தெரு முழுக்கக் கேட்கும்படி குடித்துப் பாடினார்கள். என் அப்புவின் பெயரில் சாப்பிட வருகிறவர்கள் இருந்த கதிரையை மட்டும் மருந்து போட்டுத் துடைக்கவேண்டும். எனக்கு ஜேர்மன் மொழியில் வாக்குவாதம் பண்ணத் தெரியாது. ஆனால் முடியாது என்பதற்கு இவர்கள் சொல்லும் "நைன்" என்ற சொல்லைத் திருத்தமாகச் சொல்லத் தெரியும். சொன்னேன். அவர் நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். நானும் முதலிலிருந்து மெதுவாக நைன் என்றேன். போத்தலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் பவளம் நிற்கிறாள். "நல்ல வேலை செய்தியள். இனி முப்பது பேருக்கும் உங்கட ரோசத்தையோ இலையில போட்டுக் குடுக்கிறது?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இடமில்லை என்பது மாறவில்லை. ஞாயிறும் நகரப்போவதில்லை. எல்லோருக்கும் அறிவித்தாயிற்று. இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் ஒவ்வொரு இரவும் அறைகளை அளந்து பார்த்தேன். கட்டிலைக் கழற்றி நிமிர்த்தினால் பத்துப் பேர், அலுமாரியை வெளியே தள்ளினால் இன்னும் இரண்டு பேர். அலுமாரியைத் தள்ளுவதற்கு வெளியே என்றால் மாடிப்படிதான்.

சனிக்கிழமை பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த பவளம் தலையை நிமிர்த்தாமல், "படியில இருத்துவம்," என்றாள்.

"படியிலயோ?"

"ஓம். வாடகையில படிக்கும் சேர்த்துத்தானே எடுக்கினம். மண்டபத்தில எண்டாலும் வரிசையாத்தானே இருப்பினம். இதுவும் வரிசைதான். கொஞ்சம் சரிஞ்ச வரிசை."

ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நடந்தது. அப்புவின் படத்துக்கு முன்னால் படையல் வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டோம். பிறகு வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அறைக்குள் இருத்தினோம். மற்றவர்களை எங்கள் கதவடியிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கொருவராக இருத்தினோம். வீட்டுக்கு வீடு தட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் நீலம், பூப்போட்டது, ஓரம் உடைந்தது என்று எல்லாமும் வந்து கலந்துவிட்டன. யாருடைய தட்டில் யார் சாப்பிட்டார் என்று யாரும் பார்க்கவில்லை. சாவீட்டுச் சாப்பாட்டில் உபசாரம் பேசுகிற வழக்கமில்லை. வந்தவர்களும் பேசாமல் முழங்காலில் தட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். சோற்று வாளியும் அகப்பையுமாக நான் மேலேயிருந்து இறங்கினேன். பின்னால் பவளம் பருப்போடு வந்தாள். மூன்றாம் மாடிக்காரியான கிழவி கடைக்குப் போய்விட்டு வந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் "பிட்டே, பிட்டே" என்று மன்னிப்புக் கேட்டபடி ஏறிப்போனாள். தன் வீட்டுக்குப் போக அவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது, மறுபக்கம் கேட்கட்டும் என்றும் இருந்தது.

கீழ்த்தளத்தில் இருக்கும் ஹெர் ப்ரூக்கர் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். படியடிக்கு வந்து, "மாடிப்படி சாப்பிடுவதற்கல்ல," என்று உரக்கச் சொன்னார். தீ விபத்து, ஒழுங்குவிதி, வீட்டுச் சொந்தக்காரர் என்று ஏதேதோ சொன்னார். ஆட்களைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார். படிகளில் இருந்தவர்கள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எழும்பிவிடுவோமா என்று அந்தப் பார்வை கேட்டது. விசா இல்லாதவர்களும் அந்தப் படிகளில் இருந்தார்கள்.

"சாப்பிடுங்கோ. எழும்பவேண்டாம். அப்புவின்ர சோறு," என்றேன்.

சாப்பிடத் தொடங்கினார்கள். திருகோணமலையில் அந்நேரம் தம்பி பந்தியெல்லாம் முடித்து, இலைகளைக் கூட்டி அள்ளியிருப்பான். வந்தவர்கள் வெற்றிலை போட்டுவிட்டுச் சொல்லாமல் எழுந்து போயிருப்பார்கள். அங்கே முடிந்துபோன சாப்பாட்டை நான் இங்கே பாதிப் படிகள்கூட இறங்காமல் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது கீழே தெருக்கதவின் மணி அடித்தது. பிந்தி வந்த நம் ஆட்களாக இருக்கலாம். ஹெர் ப்ரூக்கர் கூப்பிட்ட ஆட்களாகவும் இருக்கலாம். அதே நேரம் மேலேயிருந்து, "இஞ்சயும் கொஞ்சம் சோறு கொண்டு வாங்கோ," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

மணி மறுபடியும் அடித்தது. வாளி கையில் கனத்தது. எனக்கு நேரே இருந்த படியில் ஓர் இளைஞன், ஆறு வாரத்துக்கு முன் கிளிவெட்டியிலிருந்து வந்தவன், வெறுந்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு இன்னும் போடவில்லை. நான் குனிந்து அவனுக்குப் போட்டேன்.